விழுந்தவனை எழுப்பும் வித்தை

மைதானத்தில் என்னை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் நின்று, லாரியில் வரும் பெட்டிகளின் நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. அதுபோக இருபத்திரண்டு வருஷம் கால்பந்து ரெஃப்ரி. டாக்டர் பட்டம் அந்த இரண்டாவது வேலையில் கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது, அதனால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னை மெச்சப் போவதில்லை, அது எனக்கே தெரியும்.

ரெஃப்ரி என்றால் டி.வி.யில் வருகிற மாதிரி காதில் ஒயர் மாட்டிக்கொண்டு நடப்பவர் என்று நினைக்க வேண்டாம். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும், ஒரு காலி இடமும் நாலு கழியும் இருந்தால் அங்கே டோர்னமென்ட் உண்டு. அதற்கு வெளி ஏரியா ரெஃப்ரிதான் வேண்டும். சொந்த ஏரியாக்காரன் ஊதினால் ஜெயித்தாலும் சண்டை, தோற்றாலும் சண்டை. வெளி ஏரியாக்காரனுக்கு ஒரு சலுகை செய்து வைத்திருந்தார்கள். கடைசி ஐந்து நிமிஷம், கேட் பக்கத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி உட்கார்ந்திருப்பார். பந்து எந்த மூலையில் இருந்தாலும் ரெஃப்ரி கேட் பக்கமாகத்தான் ஓடிக்கொண்டிருப்பார். கடைசி விசிலை ஊதிக்கொண்டே பின் சீட்டில் ஏறிவிட வேண்டும். ஒருமுறை பைக் இருந்தது, ஆள் இருந்தார், பெட்ரோல் இல்லை. அன்றைக்கு வாங்கிய நாலு தையல் இன்னும் என் இடது புருவத்தில் இருக்கிறது.

பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டில் என் பேச்சு எடுபடாது. யார்டில் லாரி கிளீனர்கூட என்னைத் தள்ளி நில்லுய்யா என்பான். மைதானத்தில் நான் விசிலை வாயில் வைத்தால் இருபத்திரண்டு தடியன்கள் ஓடுகிற ஓட்டத்தை நிறுத்தினார்கள். என் அம்மாவைத் திட்டினார்கள், பெண்டாட்டியைத் திட்டினார்கள், தண்ணீர் பாக்கெட்டில் தண்ணீர் அல்லாத ஒன்றை நிரப்பி எறிந்தார்கள். ஆனாலும் நின்றார்கள். அந்த ருசி கண்டுவிட்டால் மற்றதெல்லாம் உறைக்காது.

எனக்கு ஆகவே ஆகாதது நடிப்பு. ஒரு கோல் முன்னால் இருக்கிற டீம் கடைசிக் கால் மணி நேரத்தில் பேதி கண்டதுபோல் வரிசையாக விழும். ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான். இன்னொருவன் முகத்தைப் பொத்திக்கொள்வான், அவன் முகத்தின் பக்கம் ஒரு ஈ கூடப் போயிருக்காது. அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்க ஆளை உள்ளே விட்டால், அடிபட்டவன் கோட்டுக்கு வெளியே போய்த்தான் திரும்ப வர வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்கும் அது தெரியும். நான் ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கும்வரை முனகுவார்கள். தூக்கியதும், "செரியாப் போச்சி சார்" என்று டிரவுசரைத் தட்டிக்கொண்டு எழுவார்கள். அதற்குள் இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

எது நிஜ அடி, எது நடிப்பு என்று பிரிக்க ஒவ்வொரு ரெஃப்ரிக்கும் ஒரு வழி உண்டு. என் வழி காசிமேட்டுப் பக்கம் ஒரு மேட்சில் தானாக வந்தது. ஒரு ஃபார்வர்டு நாலாவது தடவையாக விழுந்து கிடந்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. குனிந்து அவன் காதில், அவன் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். பிணம் மாதிரி கிடந்தவன் துள்ளி எழுந்து என் சட்டையைப் பிடிக்க வந்தான். எழுந்துவிட்டானே, அப்படியென்றால் நடிப்புத்தானே. எச்சரிக்கை என்று மஞ்சள் கார்டைக் காட்டினேன். ஜனம் கைதட்டியது.

அதன்பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டேன். பழக்கம் என்றால் அரைகுறையாக இல்லை, முறையாகச் செய்தேன். முதலில் கேப்டனையும் மற்றவர்களையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்வேன். விழுந்து கிடப்பவனின் தலைமாட்டில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, அவன் தோளில் கை வைப்பேன். ஸ்டாண்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு, அடி பலமா தம்பி என்று நான் விசாரிப்பதுபோல் இருக்கும். என் முதுகு மறைத்துக்கொள்ளும். அப்புறம் சொல்வேன். பொதுவான கெட்ட வார்த்தைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் அசைய மாட்டார்கள், தினம் காலையில் அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறார்கள். ஆளுக்கேற்ற மாதிரி சொல்ல வேண்டும். யாருக்கு அக்கா ஓடிப்போனாள், யாருடைய அப்பன் எந்தக் கடை வாசலில் விழுந்து கிடப்பான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதையும் சேகரித்தேன். மேட்சுக்கு முன்னால் பூட்ஸ் அடியைச் சோதிப்பது ரெஃப்ரியின் கடமை. ஒவ்வொருவனாகக் காலைத் தூக்கிக் காட்டும்போது, எந்த ஊருப்பா, வீட்டில் யார் யார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பேன். மற்ற ரெஃப்ரிகள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் இப்படிக் கேட்டதில் பையன்களுக்கு என்மேல் பிரியம் வந்தது. மனம் விட்டுச் சொன்னார்கள். முடவனை நடக்க வைக்கிறவர் என்று சக ரெஃப்ரிகள் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். எப்படி எழுப்புகிறேன் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. எழுந்தவர்களும் சொன்னதில்லை. தன் அம்மாவைப் பற்றி ஒருவன் சொன்னதை நாலு பேரிடம் திருப்பிச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

நான் சொல்ல வந்த பையன் நெட்டுக்குப்பத்துக்காரன். இருபத்தாறு வயது, நல்ல உயரம், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். எண்ணூரில் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை, அந்த ஃபேக்டரி டீமுக்கு நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தான். டீமில் ஒழுங்காக ஆடுகிறவர்களை ஒரு கட்டத்தில் பர்மனென்ட் செய்வது அங்கே வழக்கம். அந்த வருஷம் அவன் முறை. இதெல்லாம் அவனே சொன்னதுதான், பூட்ஸைக் காட்டிக்கொண்டே.

"வூட்ல யாருப்பா?"

"நானும் எங்கம்மாவும்தான் சார். அப்பா சின்ன வயசுலயே பூட்டாரு. அம்மா ஆத்துல எறங்கி கையாலயே எறா புடிக்கும். வலைலாம் கெடியாது, கையாலயே. ஒரு நாள் வூட்டுக்கு வாங்க சார், தொக்கு வெச்சி குடுக்க சொல்றேன்."

முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். எனக்குத் தெரியும் அந்த வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த கருப்புத் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் விரலால் துழாவுகிற வேலை. ஆணும் பெண்ணும் கலந்து இறங்குவார்கள். வரேன்ப்பா என்று சொல்லி, அவன் சொன்னதை மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எனக்கும் முறை இருந்தது. மாநில அளவிலேயே ஊதிக்கொண்டிருந்த நான் நேஷனல் லிஸ்டுக்குப் போக அதுதான் கடைசி வாய்ப்பு. வயதுக்கு ஒரு வரம்பு உண்டு, அடுத்த வருஷம் அதைத் தாண்டிவிடுவேன். ஓட்டப் பரீட்சையில் நுரை தள்ளத் தள்ளத் தேறியிருந்தேன். மீதி இருந்தது அசெசர் போடும் மார்க். அசெசர் என்பவர் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரெஃப்ரியை மட்டும் பார்த்து மார்க் போடுகிறவர். இப்போது நானே அந்த வேலையைத்தான் செய்கிறேன். அவன் பூட்ஸைக் காட்டிய அன்றைய லீக் மேட்சில் என்னைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். ஆடியது அந்த ஃபேக்டரி டீம்.

ஃபேக்டரி டீம் ஒரு கோல் முன்னால். முடிய இன்னும் பன்னிரண்டு நிமிஷம். ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பந்துக்கு இவனும் எதிர் டீம் ஃபார்வர்டும் பாய்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்போடு எலும்பு மோதியது. இவன் விழுந்தான். உருளவில்லை. மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே கிடந்தான். நடிக்கிறவன்தான் உருளுவான், நிஜமாக வலிக்கிறவன் அசைய மாட்டான். நான் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கவனித்தேன்.

கவனித்தும் ஏன் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எதிர் டீம்காரர்கள் நடிப்பு, நடிப்பு என்று கத்தினார்கள். ஸ்டாண்டில் அசெசர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். விழுந்தவனை எழுப்புகிற டாக்டர் என்ற பெயர் அவர் காதுக்கும் போயிருக்கும். அவர் முன்னால் அதைச் செய்து காட்ட ஆசை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மண்டியிட்டுத் தோளில் கை வைத்தேன்.

"நெஜமாவே பட்ச்சி சார். கால் போச்சி சார்" என்றான்.

அவன் அம்மா ஆற்றில் இறங்கும்போது புடவையை எதுவரை ஏற்றிக் கட்டுகிறாள், பக்கத்தில் நிற்கிற ஆண்கள் சேற்றில் எதைத் துழாவுகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னேன். முழு வாக்கியத்தை எழுதினால் அச்சுப் போட மாட்டார்கள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் உடனே வரவில்லை. முதலில் வந்தது, தான் கேட்டது சரிதானா என்கிற பார்வை. வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டவன் அல்லவா. அப்புறம் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நல்ல காலை மடக்கி, எழுந்துவிட்டான். என்னை நோக்கி இரண்டடி வைத்தான். நான் அதற்குள் மஞ்சள் கார்டைத் தலைக்கு மேலே தூக்கியாயிற்று. மூன்றாவது அடியில் விறகு ஒடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. எனக்குக் கேட்டது. விழுந்தான்.

"ரெண்டாவது ஷோ போட்றான்டா" என்று எதிர் டீமில் ஒருவன் சிரித்தான். விழுந்தவனுடைய டீம் பெஞ்சிலிருந்து ஆட்கள் கோடு வரை ஓடி வந்தார்கள். உள்ளே வரக் கூடாது என்று கையைக் காட்டினேன்.

"படுக்கறதுனா கோட்டுக்கு வெளிய போய்ப் படு" என்றேன் அவனிடம்.

அவன் முழங்கையால் மண்ணை இழுத்து இழுத்து, ஒரு காலைப் பின்னால் விட்டுக்கொண்டு ஊர்ந்து போனான். கோடு ஆறேழு அடிதான். அவன் இரண்டு காலும் வெளியே போகும்வரை வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆட்டத்தைத் தொடங்கினேன். வீணாய்ப் போன நேரத்தைக் கடைசியில் கூட்டிக் கொடுத்தேன், சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மேட்ச் முடிந்ததும் அசெசர் என் கையைக் குலுக்கினார். "ரொம்ப நிதானமா ஹேண்டில் பண்ணீங்க. குனிஞ்சி தோள்ல கை வெச்சி விசாரிச்சீங்க பாருங்க, அது நல்லா இருந்தது" என்றார்.

டிரஸ்ஸிங் ரூமில் நான் ரிப்போர்ட் எழுதி முடிப்பதற்குள், அவனை ஆட்டோவில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எலும்பு இரண்டாகிவிட்டது. முதலில் விரிசல்தான் விட்டிருக்கும், அதன்மேல் எழுந்து நடந்ததில் முறிந்து விலகிவிட்டது என்று டாக்டர், நிஜ டாக்டர், சொன்னாராம். ரிப்போர்ட் தாளில் எச்சரிக்கை என்று ஒரு கட்டம், காயம் என்று ஒரு கட்டம். காயம் என்று எழுதினால் நான் காட்டிய கார்டு தப்பு. அடிபட்டுக் கிடந்தவனுக்கு நடிப்பென்று கார்டு காட்டிய ரெஃப்ரி நேஷனல் லிஸ்டுக்குப் போக முடியாது. எச்சரிக்கை கட்டத்தில் அவன் நம்பரைப் போட்டு, அடிபட்டதாக நடித்தது என்று எழுதினேன். காயம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த டீமின் மேனேஜர் யார்டு கேட்டுக்கே வந்துவிட்டார். என் வயதுக்காரர், ஃபேக்டரி கேன்டீனில் சூப்பர்வைசர், பல வருஷப் பழக்கம். மேட்சில் அடிபட்டால் அதை ட்யூட்டியில் அடிபட்டதாக ஃபேக்டரி எடுத்துக்கொள்ளும், வேலைக்கு ஆபத்து வராது. ஆனால் அடிபட்டான் என்று ரெஃப்ரி ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். என் ரிப்போர்ட்டில் நடித்தான் என்று இருந்தது.

"ஒரே ஒரு வரி மாமு. கால்ல அட்பட்ச்சின்னு எய்திக் குடு. பர்மனென்ட் லிஸ்ட்டு ரெடியாயிகினு கீது. நா அவன் பேர உள்ள தள்ளிட்றேன்."

"நான் பாத்தத எழுதிக்கீறேன்."

"எலும்பு ரெண்டா பூட்ச்சி, எக்ஸ்ரே கீது. அதுக்கு மேல இன்னா பாக்கணும் ஒனக்கு?"

"எழுந்து நடந்தான்ல? எல்லாந்தான பாத்தாங்க? அதுக்கு அப்பால எப்டி ஒடஞ்சிதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர் என் தோளைப் பிடித்து, பக்கத்தில் நின்ற லாரியின் மறைவுக்கு இழுத்துப் போனார்.

"அவன் ஒண்ணு சொல்றான் மாமு. நீ காதுல இன்னாமோ சொன்னியாம். அத்த கேட்டுத்தான் எய்ந்தானாம். இன்னாடா சொன்னாருன்னா வாயத் தொறக்க மாட்றான். கம்ப்ளைன்ட் குடுத்துக்கீறான். என்கொயரில வந்து சொல்றேன்றான்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாக்கியம் ஒருமுறை வெளியே வந்தால் போதும். பழைய ஆட்கள் ஒவ்வொருவனாகக் கையைத் தூக்குவான், என்கிட்டயும் சொன்னாரு என்பான். லிஸ்ட் என்ன, ஆயுசுக்கும் விசிலைத் தொட விடமாட்டார்கள். அவனுடைய காலை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். என்னை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

விசாரணை, லீக் நடத்தும் கால்பந்து சங்கத்தின் ஆபீஸில். மாடியில் ஒரு சின்ன அறை, சுவர் ஓரம் கோப்பைகள் நிறைந்த பீரோ. செயலாளரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலி, ஒன்றில் நான். அவன் மாடி ஏறி வர வெகு நேரம் ஆயிற்று. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு கக்கத்தில் ஊன்றுகோல். இன்னொரு பக்கம் அவனைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தது ஒரு பெண்மணி. கருத்து, குட்டையாக, முதுகு லேசாகக் கூனியிருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. யாரென்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, செயலாளர் கேட்காமலேயே வெளியே போய் வெயில் அடிக்கிற வராந்தாவில் நின்றுகொண்டாள்.

அவன் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. செயலாளர் கேட்கக் கேட்க ஒழுங்காகப் பதில் சொன்னான். எங்கே மோதியது, எப்படி விழுந்தான், எல்லாம்.

"அப்ப எதுக்குப்பா எழுந்த? எலும்பு விரிசல் விட்டவன் எழுந்து நடப்பானா?"

"இவரு எங்காதுல ஒரு வார்த்த சொன்னாரு சார். அத்த கேட்டுட்டு படுத்துகினு இருக்க முடில சார்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "அடி பலமான்னு கேட்டேன் சார்" என்றேன்.

"இன்னா வார்த்தைன்னு சொல்லுப்பா. அப்படியே சொல்லு. இங்க எல்லாம் ஆம்பளைங்கதான்."

அவன் சொல்லத் துணிந்துதான் வந்திருந்தான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான். வாயைத் திறந்தான். அப்போது நான் எழுந்தேன்.

"மன்னிக்கணும் சார். ஒரு நிமிஷம். இவரோட அம்மா வெளிய வெயில்ல நிக்கிறாங்க. வயசானவங்க. உள்ள கூப்ட்டு உக்கார வெக்கலாமா?"

"அட, ஆமா. கூப்டுங்க, கூப்டுங்க" என்றார் செயலாளர்.

நானே வெளியே போனேன். "வாங்கம்மா, உள்ள வந்து குந்துங்க" என்றேன். வேணாம் நைனா, நா இப்டியே நிக்கறேன் என்றாள். விடவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து, என் நாற்காலியைத் தூக்கி அவன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார வைத்தேன். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். கமிட்டிக்காரர்களில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போதுதான் அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். நான் எதற்காகச் செய்கிறேன் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"ம், சொல்லுப்பா. இன்னா வார்த்தை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் குடு" என்று செயலாளர் தாளும் பேனாவும் நகர்த்தினார். இதை நான் யோசிக்கவில்லை. அவன் பேனாவை எடுத்துவிட்டான்.

எடுத்தவன் கேட்டான். "எய்துனா அது உங்களோட இருக்குமா சார்?"

"அப்படி முடியாதுப்பா. வாக்குமூலத்த எல்லார் முன்னாலயும் படிச்சிக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும். அதான் வழக்கம்."

"அம்மா கொஞ்சம் வெளிய நிக்கட்டும் சார்" என்றான்.

நான் பதறியவன் மாதிரி சொன்னேன். "பாவம் சார், இப்பதான் உக்காந்தாங்க. அவங்களுக்குத் தெரியாம இன்னா இருக்கு இதுல?"

அவள் என் பக்கம் திரும்பி நன்றியாகப் பார்த்தாள். பிறகு மகன் தொடையில் தட்டினாள்.

"இன்னாடா மென்னு முயுங்கிகினு கீற? எங்கிட்ட இன்னா மறைக்கிற? அவ்ளோ பெரியவங்க கேக்கறாங்க, சார் இன்னா சொன்னாரோ அத்த அப்டியே சொல்லேன். சொல்லலனா வேல பூடும்டா. நாலு வருசம் ஓடினியேடா அதுக்கோசரம். எனக்கு இன்னும் எத்தினி நாளைக்குத் தண்ணில நிக்க தெம்பு கீதுன்னு நெனச்சிகினு கீற? வாயத் தொறடா."

அவன் பேனாவை மேஜைமேல் வைத்தான். நேராக வைத்தான், உருண்டு விழாதபடி.

"ஒண்ணும் சொல்லல சார். எய்ந்துருன்னாரு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. வெட்கமெல்லாம் பிற்பாடு வந்தது, வந்தது இன்னும் போகவில்லை. செயலாளர் வாக்குமூலத்தை வாசித்தார். ரெஃப்ரி எழுந்திரு என்று மட்டுமே சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான். ரிப்போர்ட் எழுதியபடியே நிற்கும் என்றார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஃபேக்டரி அவனுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டது. எனக்கு லிஸ்டில் பெயர் வந்தது. நாலு வருஷம் வெளியூர்களில் ஊதினேன், இரண்டு தடவை ஏரோப்ளேனில் போனேன். கேப்டன்கள் என்னை சார் என்றார்கள். எங்கேயும் யார் விழுந்து கிடந்தாலும் உடனே ஆளைக் கூப்பிட்டுவிடுவேன், பக்கத்தில் போக மாட்டேன். அதனால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

விசாரணை முடிந்து நான் கீழே இறங்கியபோது அவர்கள் பாதிப் படியில்தான் இருந்தார்கள். அவள் ஒரு படி கீழே நின்று அவனைத் தோளில் வாங்கி வாங்கி இறக்கிக்கொண்டிருந்தாள். குறுகலான படி, தாண்டிப் போக வழியில்லை. அவர்கள் கீழே சேரும்வரை பின்னாலேயே இறங்கினேன். தெருவில் கால் வைத்ததும் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"நல்லா இருக்கணும் நைனா நீ. யாரையாவது கேட்டா நீ ரிப்போர்ட்டு எய்தற? நீ பாத்தத எய்துன. எம்மவன் மேலதான் தப்பு, வலிக்கச் சொல்லோ படுத்துகினு இல்லாம எய்ந்துகினான். அத்தினி பேரு இருந்தாங்க, ஒருத்தருக்காவது நா வெளிய நிக்கறது தெரிஞ்சிதா? நீதான் பாத்த."

அவள் மகனைப் பார்த்தாள்.

"இன்னாடா மரமாட்டம் நிக்கிற? சாருக்கு ஒரு கும்பிடு போடு."

அவன் அம்மாவைப் பார்த்தான். ஊன்றுகோலைக் கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையையும் சேர்த்து எனக்குக் கும்பிடு போட்டான்.